அடிவயிறு அண்ணன் பெடல் வாங்கிய கதை

திருத்தணியில் நின்றுகொண்டு அரக்கோணத்தில் ஜன்னல் கண்ணாடியை ஆட வைக்கக்கூடிய மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். இதைச் சொன்னால் சென்னையில் என் ஆபீஸ் நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் அடிவயிறு அண்ணன் பேஸ் கிடார் வாசித்துக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சிரிக்க நேரமிருக்காது, கையிலிருக்கும் காபி டம்ளரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதிலேயே கவனமாக இருந்திருப்பார்கள்.

அவருக்கு ஞானஸ்நானத்தின்போது ஒரு நல்ல பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர் சர்ச் பதிவேட்டிலும் அரக்கோணத்தில் அவர் வேலை பார்த்த ரயில்வே ஷெட்டிலும் மட்டும்தான் செல்லுபடியானது. மற்ற எல்லா இடத்திலும் அவர் அடிவயிறு. போதகரே ஆராதனை முடிந்ததும், "அடிவயிறு அண்ணன் கொஞ்சம் இருந்துட்டுப் போங்க" என்றுதான் சொல்வார். இத்தனைக்கும் மனிதருக்கு வயிறு என்று ஒன்று இருந்த அடையாளமே கிடையாது. கடையில் கிடைக்கிற எந்த பெல்ட்டும் அவருக்குப் பெரிது. ஆணியைச் சூடு பண்ணி அவரே உள்பக்கமாக ஓட்டை போட்டுக்கொண்டே போவார். பெயர் வந்தது உடம்பால் அல்ல, கொள்கையால்.

"பாட்ட காதுல கேக்கறவன் பாதிதான்பா கேக்கறான்" என்பார். "அடிவயித்துல கேக்கணும். அங்க கேட்டாத்தான் கால் ஆடும். கால் ஆடினாத்தான் அது கல்யாணம். இல்லாங்காட்டி அது மீட்டிங்."

அவருடைய கொள்கைக்கு அடங்காத பொருள் உலகத்தில் இல்லை. ஓட்டலில் சாம்பாரை ஒரு வாய் வைத்துவிட்டு, "மேல நல்லாத்தான் கீது, கீழ ஒண்ணியும் இல்ல" என்று சர்வரிடம் சொல்வார். சர்வர் வாளியின் அடியைத் துழாவிப் பருப்பு எடுத்து வந்து ஊற்றுவான். தங்கை மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண் வீட்டு ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "நல்ல குடும்பம், முடிச்சிரலாம்" என்று எழுந்துவிட்டார். சம்பந்தமும் முடிந்தது. ரயில்வே கேட் மூடியிருந்தால் ஊரே சலித்துக்கொள்ளும்; இவர் மட்டும் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் போய் விளக்குக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்வார். கூட்ஸ் வண்டி கடைசிப் பெட்டி வரை போய் முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் கையை எடுக்கமாட்டார். பின்னால் நிற்கிற பஸ் டிரைவர் ஹாரன் அடித்துத்தான் அவரை இந்த உலகத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

நான் அப்போது திருத்தணியில் ஒரு கூட்டுறவு சங்கத்தில் குமாஸ்தா. சாயங்காலங்களில் ஒரு இன்னிசைக் குழுவில் மைக் பிடித்துக்கொண்டிருந்தேன். பாதி நேரம் பாடுவேன், பாதி நேரம் மணமக்களை வாழ்த்த வந்திருக்கும் பெரியவர்களைப் பெயர் சொல்லி மேடைக்கு அழைப்பேன். குழுவை நடத்தியவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் பாத்திரக் கடை வைத்திருந்தவர். கீபோர்டு வாசிப்பவரும் அவர்தான். தெலுங்கு பேசும் குடும்பம் என்பதால் வீட்டில் கூப்பிடுவதைக் கேட்டு நாங்களும் நைனா என்றே கூப்பிடுவோம். பாத்திரத்தைத் தட்டிப் பார்த்து விற்றுப் பழகியவர். அவர் யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. திட்டவில்லை என்றால் நன்றாகப் பாடியிருக்கிறோம் என்று நாங்களே புரிந்துகொள்ள வேண்டும்.

வினை பள்ளிப்பட்டில் ஒரு கல்யாண ரிசப்ஷனில் ஆரம்பித்தது. மாப்பிள்ளையின் நண்பர்கள் புதுப் பாட்டாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். புதுப் பாட்டுகளில் பேஸ் என்கிற அடிச்சத்தம் கிடாரிலிருந்து வருவதே இல்லை. மெஷினிலிருந்து வருகிறது. 'வ்வூம்' என்று ஆரம்பித்து, 'ங்கொய்' என்று வாயைத் திறந்து, தரையைப் பிறாண்டிவிட்டுப் போகிறது. அண்ணன் அதே ஸ்வரங்களைக் கிடாரில் சுத்தமாக வாசித்தார். ஒரு பையன் மேடைக்குக் கீழே வந்து நின்று, "அண்ணே, பாட்டுல அந்த 'ங்கொய்' வருமே, அது எங்கண்ணே?" என்று கேட்டான். அண்ணன் குனிந்து கம்பியைத் துடைத்தார். பையன் போய் உட்கார்ந்து போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான். அவனைப் பார்த்து பக்கத்தில் இருந்தவர்களும் போனை எடுத்தார்கள். மேடையில் நிற்பவனுக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

இந்த விஷயம் நைனாவின் மாப்பிள்ளை காதுக்குப் போயிற்று. அவர் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தார். நல்ல பிள்ளை, மாமனார் மேல் உயிர். அந்த உயிரின் காரணமாக அடுத்த வாரமே ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் எல்லாப் பாட்டுக்கும் பேஸ் தனியாக ரெடி. பட்டனைத் தட்டினால் போதும். மாப்பிள்ளை கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல நைனாவால் முடியாது. நம் பக்கத்தில் எந்த மாமனாராலும் முடியாது.

அடுத்த ஒத்திகைக்கு நாங்கள் போனபோது, அண்ணனுக்கென்று எப்போதும் போடுகிற பிளாஸ்டிக் நாற்காலியில் லேப்டாப் உட்கார்ந்திருந்தது. அண்ணன் அந்த நாற்காலியில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை, நின்றுதான் வாசிப்பார். ஆனாலும் அது அவர் நாற்காலி. வாசலிலேயே நின்றுவிட்டார்.

நைனா கீபோர்டைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டே பேசினார்.

"இத பாரு அடிவயிறு. விசைத்தறி வெச்சிருக்காரே தறிக்காரர், அவர் வூட்டுக் கல்யாணம் வருது. அந்த வூட்ல இன்னும் எத்தினி பொண்ணுங்க கீதுன்னு உனக்கே தெரியும். இது நல்லா அமைஞ்சா எல்லாம் நம்மளுதுதான். பசங்க கேக்கற சத்தம் வரணும். வரலைன்னா நான் இன்னா பண்றது, நீயே சொல்லு."

"அந்த சத்தம் கிடார்லயே வரும் நைனா."

"எப்டி வரும்?"

"பெடல் போட்டா வரும்."

"வரலைன்னா?"

அண்ணன் லேப்டாப்பைப் பார்த்தார். "வரலைன்னா அதுவே வாசிக்கட்டும். நான் கீழ வந்து பந்தில உக்காந்துக்கறேன்."

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். சர்ச் பாடகர் குழுவில் ஆரம்பித்து, ஆடிக் கிருத்திகை மேடைகள் வரைக்கும் அந்த மனிதருக்கு வேறு சந்தோஷம் இருந்து நான் பார்த்ததில்லை. கோயில் மேடை, சர்ச் மேடை என்று வாசித்தே பழகியதால் செருப்புப் போட்டுக்கொண்டு மேடை ஏறத் தெரியாதவர். அவரைப் பந்தியில் உட்கார வைத்து மேலே ஒரு பெட்டி வாசிப்பதை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

அந்தச் சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு சென்னைக்கு ரயில் ஏறினார். தோளில் கிடார், கையில் ஒரு மஞ்சள் பை. பையில் என்ன என்று கேட்டேன். "டெஸ்ட் சாமான்" என்றார். அரக்கோணம் தாண்டியதும் கூட்டம் ஏறிப் பை என் மடிக்கு வந்தது. உள்ளே ஏதோ கலகலத்தது.

கடை ஏ.சி. போட்டு ஜில்லென்று இருந்தது. சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. அதற்குள் சோப்பு டப்பா அளவில் கலர் கலராகப் பெடல்கள். விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கிடாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இந்த டப்பாவை மாட்டிக் காலால் ஒரு மிதி மிதித்தால் கிடாரின் குரல் மாறிவிடும். இன்னொரு மிதி மிதித்தால் பழைய குரல் வந்துவிடும். திருகுகிற குமிழ்களில் அந்தக் குரலை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம்.

விற்பனைப் பையன் ரொம்ப மரியாதையாக வந்தான். அண்ணன் வாயாலேயே 'ங்கொய்' என்று செய்து காட்டினார். "பேஸ் சிந்த் பெடலா சார்? எந்த மாதிரி மியூசிக் வாசிப்பீங்க?"

"கல்யாணம்" என்றார் அண்ணன்.

பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்ல சார், ராக்கா, ஜாஸா, ஃபங்க்கா..." என்று இழுத்தான்.

"ரிசப்ஷன்பா. முகூர்த்தத்துக்கு மேளக்காரங்க வந்துருவாங்க."

பையன் அலமாரியைத் திறந்து முதல் பெடலை எடுத்துத் தரையில் வைத்தான். அண்ணன் செருப்பைக் கழற்றிக் கடை வாசலில் ஒழுங்காக விட்டுவிட்டு வந்தார். பிறகு பேண்ட்டை மடித்து விட்டுக்கொண்டு வலது காலின் கட்டை விரலைப் பெடலின் மேல் வைத்தார். கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கை ரெண்டுலயும் வேல இருக்கும்போது குமிழ எத்தால திருப்புவ?" என்று அவர்களைப் பார்த்துப் பொதுவாகக் கேட்டார். கட்டை விரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில் குமிழைப் பிடித்துத் திருக முயன்றார். குமிழ் மிளகு சைஸில் இருந்தது. ஒன்றைத் திருகினால் பக்கத்திலிருந்த இரண்டும் சேர்ந்து திரும்பின. "இது எறும்புக்குப் பண்ணது. வேற எடு."

இரண்டாவது பெடலின் குரல் பிரமாதமாக இருந்தது. ஆனால் தடித்த கம்பியைத் தட்டினால் சத்தம் ஒரு கணம் தாமதித்துத்தான் வந்தது. அண்ணன் உதட்டைப் பிதுக்கினார். "கூப்ட்டா, தோ வரேன்னு சொல்லிட்டு சாப்ட்டுட்டு வர்றான்பா இவன். நம்ம டிரம்ஸ்காரனே அப்டித்தான். ரெண்டு பேர் தாங்காது." மூன்றாவது பெடலில் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துப் பார்த்தார். நம் பாட்டுகளில் வழுக்கல் இல்லாமல் என்ன இருக்கிறது? பெடலுக்கு அது புரியவில்லை. நடுவழியில் திக்குத் தெரியாமல் தவளை போலக் கத்தியது. நான்காவதில் சின்னத் திரை ஒன்றும் அதற்குள் நூற்றுக்கணக்கான குரல்களும் இருந்தன. "இதுக்கு நைனா மாப்ள குடுத்ததே தேவலாம்" என்று நகர்த்திவிட்டார்.

பிறகு மஞ்சள் பையைத் திறந்தார். உள்ளிருந்து ஒரு சீரியல் செட் வந்தது. கிறிஸ்துமஸுக்கு சர்ச் வாசலில் தொங்கவிடுகிற அதே கலர் பல்பு மாலைதான். அதை ஸ்பீக்கர் மேல் சுற்றி, பெடல் மாட்டியிருந்த அதே பிளக் பாயிண்டில் செருகினார். டிசம்பர் வருவதற்கு வெகுநாள் முன்பே அந்தக் கடையில் கிறிஸ்துமஸ் வந்தது. ஸ்பீக்கர் வண்டு மாதிரி ரீங்காரம் போட ஆரம்பித்தது.

"சார், இது எதுக்கு?" என்றான் பையன் பரிதாபமாக.

"மண்டபத்துல இதுக்கு நடுவுலதான தம்பி வாசிக்கணும்? பொண்ணு பேரு, மாப்ள பேரு, வளைவு, தோரணம் எல்லாம் எரிஞ்சிகினு இருக்கும். ஜெனரேட்டர் ஓடிகினு இருக்கும். உன் கடைல அமைதியா இருக்கறது பெருசில்ல. அங்க அமைதியா இருக்கணும்."

பையன் பக்கத்து அலமாரியையும் திறந்தான். அண்ணன் அடுத்து என்னைப் பார்த்தார். "பாடு."

"எங்க?"

"இங்கதான். ஃபுல்லா பாடு. கைய தட்டிகினே பாடு. தனியா கேட்டா எல்லா பெடலும் தங்கமாத்தான்பா இருக்கும். கூட்டுக் குடும்பத்துல விட்டுப் பாத்தாதான் தெரியும்."

பாடினேன். வேறு வழியில்லை. கல்யாணத்தில் பாடுகிற குரலில், ஏ.சி. கடைக்குள், கை தட்டிக்கொண்டு பாடினேன். கிடார் வாங்க வந்த ஒரு குடும்பம் எங்களைச் சுற்றி நின்றுகொண்டது. அண்ணன் ஒவ்வொரு பெடலாக மாற்றினார். விற்பனைப் பையனை ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி நிற்க வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி கேட்டார். "எங்க தம்பி கேக்குது?"

"காதுல சார்."

"வேற எடு."

"நெஞ்சுல சார்."

"கிட்ட வந்துட்டோம். வேற எடு."

கடைசியில் கீழ்த் தட்டின் மூலையிலிருந்து கடுகு எண்ணெய் நிறத்தில் ஒன்று வந்தது. பார்க்க லட்சணமே இல்லை. ஆனால் குமிழ்கள் எலுமிச்சை அளவில் கொழுகொழுவென்று மூன்றே மூன்று இருந்தன. அவற்றுக்குக் கீழே மிதிக்க ஒரே ஒரு சுவிட்ச். அண்ணன் கம்பியை மெதுவாகத் தொட்டார். பெடல் வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்றது. கொஞ்சம் அழுத்தித் தட்டினார். வாயைத் திறந்து 'வவ்' என்றது. ஓங்கித் தட்டினார். 'ங்கொய்' என்று தரையைப் பிறாண்டிக்கொண்டு போயிற்று. இழுத்தார், கூடவே வழுக்கி வந்தது. சீரியல் செட் எரிந்துகொண்டிருந்தது, வண்டுச் சத்தமே இல்லை.

"எங்க தம்பி?"

பையன் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். அண்ணன் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் வேறு எந்த முகத்திலும் பார்த்ததில்லை. "கை எவ்ளோ கேக்குதோ அவ்ளோதான் வாய் தொறக்குது பாருய்யா" என்றார் என்னிடம், குழந்தை பிறந்த சேதி சொல்கிற குரலில்.

அத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவையில்லை. கல்யாணத்தன்று காலையில் நைனா புதுச் சாமானுக்குப் பூஜை போட்டே ஆக வேண்டும் என்றார். எங்கள் ஊரில் வாங்குகிற எந்த வண்டியும் மலைக்குப் போய் பூஜை போடாமல் ரோட்டில் ஓடாது. கீபோர்டுக்குப் போட்டோம், சவுண்டு மிக்ஸருக்குப் போட்டோம், போன வருஷம் வாங்கிய ஸ்டேண்டு விளக்குக்குக்கூடப் போட்டோம். அண்ணன் ஏற்கெனவே போதகரிடம் கொண்டுபோய் ஜெபம் பண்ணி வைத்திருந்தார். ஆனாலும், "நைனா மனசு கஷ்டப்படக் கூடாது" என்று குளித்துவிட்டு மலைக்கு வந்து நின்றார். வண்டிகளின் வரிசையில் ஒரு காருக்கும் ஒரு டிராக்டருக்கும் நடுவில் பெடல் உட்கார்ந்திருந்தது.

"இது என்ன வண்டிங்க?" என்று கேட்டார் குருக்கள்.

"இது ஓடாது சாமி. அதிரும்" என்றார் அண்ணன்.

குருக்கள் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, பூ சாத்தி, தீபாராதனை காட்டிவிட்டு அடுத்த டிராக்டருக்குப் போய்விட்டார். நைனாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. எலுமிச்சம்பழம் நசுங்கினால்தானே அவருக்குப் பூஜை? காருக்கு டயர் இருக்கிறது, அதன் அடியில் வைத்து ஏற்றுகிறார்கள். பெடலுக்கு டயர் இல்லை. பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெடலைச் சுற்றிச் சுற்றி வந்தார். திடீரென்று முகம் மலர்ந்தது.

"இது மிதிக்கிற சாமான்தான? அதும் மேலயே வெச்சி மிதி."

"நைனா, வேணாம்" என்றேன் நான்.

"நீ சும்மா இரு. மிதிப்பா."

அண்ணன் ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, சுவிட்ச் மேல் வைத்த எலுமிச்சம்பழத்தை வெறுங்காலால் ஒரே மிதி மிதித்தார். பழம் நசுங்கியது. சாறும் சந்தனமும் குங்குமமும் கலந்து சுவிட்ச் ஓரமாக உள்ளே இறங்கின. நைனா பரம திருப்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தறிக்காரர் வீட்டு ரிசப்ஷனுக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. மேடைக்கு ஓரத்தில் நைனாவின் மாப்பிள்ளை லேப்டாப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். முதல் பாட்டு எப்போதும் முருகன் பாட்டுதான். நைனா கீபோர்டில் ஆரம்பித்தார். அண்ணன் முதல் ஸ்வரத்தைத் தட்டினார்.

'ங்கொய்.'

முன் வரிசையில் விபூதி பூசி உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் கையைக் கூப்பியபடியே திடுக்கிட்டுப் போனார். அண்ணன் சுவிட்சை மிதித்தார். பெடல் அசையவில்லை. மறுபடி மிதித்தார். காலையில் எலுமிச்சம்பழத்தோடு மிதித்தபோது உள்ளே போன சுவிட்ச், சாறும் சந்தனமும் காய்ந்து அப்படியே கெட்டித்துப் போயிருந்தது. பெடல் வேலை செய்கிறது, ஆனால் அதை நிறுத்த முடியாது. நைனா என்னைப் பார்த்தார். நான் அவர் மாப்பிள்ளையைப் பார்த்தேன். மாப்பிள்ளை பையின் ஜிப்பில் கை வைத்தார்.

நான் பாடிக்கொண்டே அண்ணன் பக்கம் நகர்ந்து, மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "கழட்டிருங்கண்ணே" என்றேன்.

"கழட்டினா பசங்க பாட்டுக்கு இன்னா பண்றது? மறுபடி மாட்ட வுடுவாரா நைனா?" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. பிறகு மிக்ஸரில் இருந்தவருக்குக் கையைக் காட்டினார். சத்தத்தை ஏற்று, இன்னும் ஏற்று, இன்னும் ஏற்று என்று.

அதற்குப் பிறகு அவர் செய்ததை நான் எழுதி உங்களை நம்ப வைக்க முடியுமா என்று தெரியவில்லை. வலது கையைக் கம்பி மேல் வைத்தார், அவ்வளவுதான். தட்டவில்லை. தூங்குகிற குழந்தையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி தொட்டார். பெடல் வாயைத் திறக்கவில்லை. 'ம்ம்ம்' என்று ஒரு நாதம் தரையோடு தரையாகக் கிளம்பி, நாகஸ்வரத்துக்குப் பின்னால் சுருதி நிற்குமே, அதுபோல மண்டபம் பூராவும் நின்றது. ஒரு விரல் கொஞ்சம் அழுத்தினாலும் முருகன் பாட்டில் 'ங்கொய்' வந்துவிடும். வரவில்லை. பல்லவி போயிற்று, சரணம் போயிற்று, ஒரு இடத்திலும் வரவில்லை. அவர் நெற்றியிலிருந்து வியர்வை கிடாரின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை. அந்தப் பாட்டைக் கணக்கில்லாத மேடைகளில் பாடியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது எனக்கே பக்திப் பாட்டாகக் கேட்டது. திடுக்கிட்ட பெரியவர் கண்ணை மூடி மெல்லத் தலையசைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது பையன்கள் பாட்டு. மெதுவாக வாசிப்பதற்காக ஏற்றி வைத்த சத்தம் அப்படியே ஏறியபடி இருந்தது என்பதை எல்லோரும் மறந்துவிட்டோம். அண்ணன் மறக்கவில்லை. என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டு, கையை ஓங்கினார்.

சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் பின்னால் சொன்னது: மேஜை மேல் அடுக்கியிருந்த எவர்சில்வர் டம்ளர்கள் வரிசையாக நடந்து போய் ஓரத்தில் நின்றனவாம். சமையல்காரர் கரண்டியோடு வெளியே ஓடிவந்து ஜெனரேட்டரைப் பார்த்தாராம். நான் என் கண்ணால் பார்த்தது, மேடைக்குப் பின்னால் தெர்மோகோலில் வெட்டி ஒட்டியிருந்த கல்யாண மாப்பிள்ளையின் பெயரில் முதல் எழுத்து கழன்று அவர் தலையிலேயே விழுந்தது. அவர் அதை எடுத்து ஆட்டிக்கொண்டே ஆட ஆரம்பித்தார். பொண்ணு மாலையோடு ஆடியது. பள்ளிப்பட்டில் போனை எடுத்த மாதிரிப் பையன்கள் இங்கேயும் இருந்தார்கள். ஒருவன் கையிலும் போன் இல்லை. தறிக்காரர் முதலில் இடுப்பில் கை வைத்து முறைத்துக்கொண்டு நின்றார். பிறகு பார்த்தால் கை இடுப்பில்தான் இருந்தது, இடுப்பு அதன் இஷ்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

கடைசியில் கதம்பப் பாட்டு. ஒரு வரி பழைய மெலடி, மறு வரி புதுக் குத்து என்று மாறி மாறி வரும். ஒரு வரிக்குப் பெடல் வாயை மூட வேண்டும், மறு வரிக்குத் திறக்க வேண்டும். மூடியது, திறந்தது, மூடியது, திறந்தது. எல்லாம் விரல் நுனியில். நான் பாட்டின் வரியை மறந்துவிட்டு அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். நைனா ஒரு கையால் கீபோர்டு வாசித்துக்கொண்டே இன்னொரு கையால் என்னைக் கிள்ளினார். திரும்பிப் பார்த்தேன். நைனாவின் கண் கலங்கியிருந்தது. மேடைக்குக் கீழே கூட்டத்தின் நட்ட நடுவில் அவர் மாப்பிள்ளை ஆடிக்கொண்டிருந்தார், முதுகில் லேப்டாப் பையோடு.

முடிந்ததும் வழக்கம்போல நைனா யாரையும் பாராட்டவில்லை. வயர்களைச் சுருட்டிக்கொண்டே என்னிடம், "தறிக்காரர் ரெண்டாவது பொண்ணுக்கும் நம்மளத்தான் சொல்லிட்டாரு. அடிவயிறு இன்னா, உக்கார்றதே இல்ல. இனிமே அந்த சேர்ல என் மாப்ளய உக்கார வையி, ஆடி ஆடி முட்டி வலிக்குதாம்" என்றார். கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்து, "பாத்தியா எலுமிச்சம்பழத்தோட மகிமைய?" என்றார். அடுத்த வாரம் டிரம்ஸ், மைக் உட்பட எல்லாவற்றுக்கும் பழம் நசுக்குவதாக ஏற்பாடு. நான் என் மைக்கை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

பெடலைச் சரி பண்ணிவிடலாம் என்று அண்ணனிடம் சொன்னேன். சுவிட்சை மாற்ற அரை மணி நேரம் ஆகாது.

"வேணாம்பா" என்றார். "சுவிட்சு கீதேன்னு தைரியம் வந்துருச்சின்னா விரல் சோம்பேறி ஆயிரும். இத்தினி வருசமா வாசிக்கிறேன், எனக்கே அன்னிக்குத்தான் தெரிஞ்சது என் கை இன்னா பண்ணும்னு."

அந்தப் பெடல் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. ரயில்வேயிலிருந்து அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். மேடையிலிருந்து ஓய்வு பெறுகிற பேச்சே இல்லை. நான் சென்னைக்கு மாற்றலாகி வந்து, குமாஸ்தா வேலையோடு பத்திரிகையில் இப்படி எழுதிப் பிழைத்துக்கொண்டிருக்கிறேன்.

என் மகளுக்கு இப்போது வரன் பார்க்கிறோம். ஜாதகம் பொருந்தினால் உயரம் பொருந்துவதில்லை, உயரம் பொருந்தினால் ஊர் பொருந்துவதில்லை. மனைவிக்குக் கவலை. போன ஞாயிற்றுக்கிழமை, அவள் புரோக்கரோடு பேசிக்கொண்டிருந்தபோது, நான் மாடிக்குப் போய் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, என் பொண்ணு கல்யாணம்."

"ஆங்! ரொம்ப சந்தோசம்பா. எப்ப?"

"தேதி இன்னும் வெக்கலண்ணே."

"மாப்ள இன்னா பண்றாரு?"

"மாப்ள இன்னும் கெடைக்கல."

"மண்டபம்?"

"அதுவும் பாக்கணும்."

"அப்புறம் இன்னாத்துக்குபா போன் பண்ண?"

"நீங்க வாசிக்கணும்ணே. அது ஒண்ணுதான் முடிவாயிருக்கு."

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பாப்பாவுக்கு இன்னா பாட்டு புடிக்கும்னு கேட்டு அனுப்புபா. இப்பவே ஆரம்பிச்சா சரியா இருக்கும்."

மகளிடம் கேட்டு அன்றைக்கே அனுப்பிவிட்டேன். கல்யாண வேலை பாதி முடிந்த நிம்மதி எனக்கு.